படபடப்பு: அடக்குவதா, ஏற்றுக்கொள்வதா, பழக்கிக்கொள்வதா?

தருமபுரி மாவட்ட விளையாட்டரங்கில் தடகளப் போட்டி நாளன்று 100 மீட்டருக்குப் பெயர் கூப்பிடும் நேரத்தில் பாருங்கள். ஒருவன் ஷூ நாடாவை மூன்றாம் முறை அவிழ்த்துக் கட்டுவான். இன்னொருத்தி கொண்டுவந்த இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தே இருக்க மாட்டாள். "பயப்படாதே" என்ற அறிவுரை மட்டும் தாராளமாகக் கிடைக்கும். அதனால் பயன் எதுவும் இல்லை.

பலரும் முதலில் சொல்லித்தருவது மூச்சை மெதுவாக்குவது. நிமிடத்துக்கு ஆறு மூச்சு, இழுப்பதைவிட விடுவது நீளமாக. மூச்சு வெளியேறும்போது வேகஸ் நரம்பு இதயத்துடிப்பைத் தணிக்கிறது. துப்பாக்கி சுடுதல், வில்வித்தைக்கு இது அருமை. கை நடுங்காமல் இருப்பதன் விலை தெரியவேண்டுமா? 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வட கொரியாவின் கிம் ஜோங் சு துப்பாக்கி சுடுதலில் வென்ற இரண்டு பதக்கங்களையும் பறிகொடுத்தது, துடிப்பைத் தணிக்கும் புரோப்ரனலால் மருந்தால்தான். ஊக்கமருந்து என்றால் வேகம் தருவது மட்டும் என்று எண்ணுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆனால் ஓட்டக்காரருக்கும் கபடி வீரருக்கும் அந்தத் துடிப்பே எரிபொருள். 30 விநாடி ரெய்டில் பாடிக்கொண்டே போகிறவர் எங்கே நிதானமாக மூச்சு விடுவது? அவருக்கு, "இது பயமில்லை, உற்சாகம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வது பொருந்தும். பயத்திலும் உற்சாகத்திலும் உடல் காட்டும் குறிகள் ஏறத்தாழ ஒன்றுதான். 2014இல் ஹார்வர்டு ஆய்வாளர் ஆலிசன் வுட் புரூக்ஸ் வெளியிட்ட ஆய்வில், அமைதியாகு என்று சொல்லிக்கொண்டவர்களைவிட இப்படிச் சொல்லிக்கொண்டவர்கள் பேச்சில் சிறப்பாகச் செய்தார்கள். அது மைதானத்தில் நடந்த சோதனையல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இரண்டுக்குமே எட்டாத கவலை ஒன்று உண்டு. "இன்று தோற்றால் சான்றிதழ் போச்சு, விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடமும் போச்சு." பென்னாகரத்திலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து வரும் பிள்ளைக்கு இது கற்பனைப் பயமல்ல.

அதனால் என் ஓட்டு மூன்றாவதற்கு: நெருக்கடியிலேயே பயிற்சி. ஆட்களை நிறுத்தி வேடிக்கை பார்க்கவைப்பது, தோற்றவர் மணல்குழியைக் கிளறிச் சமப்படுத்த வேண்டும் என்பது போன்ற சின்னப் பந்தயங்கள். லேசான பதற்றத்தோடு பழகியவர்கள் கடும் நெருக்கடியிலும் குறி தவறுவது குறைவு என்று நெதர்லாந்து ஆய்வாளர்கள் டார்ட்ஸ் (பலகையைக் குறிபார்த்து எறியும் சிறு அம்பு) எறிய வைத்துக் காட்டியிருக்கிறார்கள். குறை என்னவென்றால், இதற்கு மாதக்கணக்கும் பொறுமையான பயிற்சியாளரும் வேண்டும். பந்தயம் அவமானமாக மாறினால் பிள்ளை மைதானத்துக்கே வராது.

நாளையே போட்டி என்றால் இதற்கு நேரமில்லை. குறி பார்ப்பவர் மூச்சை மெதுவாக்கட்டும், ஓடுகிறவர் துடிப்பை அப்படியே விடட்டும்.