சிஓன், எல்சிஓன், எஃப்சிஓன், எஃப்சிஓன்அட்: ஃபைலின் உரிமையாளரை மாற்ற எதை நம்பலாம்?

காரைக்குடியில் ஒரு சின்ன அறை, இரண்டு ஸ்கேனர், ஒரு லினக்ஸ் சர்வர். கானாடுகாத்தான் பக்கத்து வீடுகளிலிருந்து வரும் பழைய கணக்குப் பேரேடுகளை நாலு பேர் பகலெல்லாம் ஸ்கேன் செய்து பொது ஃபோல்டரில் போடுவார்கள். ராத்திரி ரூட்டாக (எல்லா அதிகாரமும் உள்ள யூசராக) ஓடும் ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட் அவற்றின் உரிமையை 'காப்பகம்' என்ற யூசருக்கு மாற்றிவிடும். மறுநாள் யாரும் தவறியும் அதன்மேல் எழுதிவிடக் கூடாது என்பதற்காக நான் எழுதிய ஸ்கிரிப்ட் அது.

ஒருநாள் காலையில் அட்டவணை தட்டச்சு செய்யும் பெண் கூப்பிட்டார். "அண்ணே, என் ஃபைலு ரீட் ஒன்லின்னு வருது. நேத்து சாயங்காலம் வரைக்கும் எழுதிக்கிட்டுத்தானே இருந்தேன்?"

ஃபைலின் உரிமையாளரைக் காட்டும் எல்எஸ் மைனஸ் எல் (ls -l) அடித்துப் பார்த்தேன். ஃபைல் அவருடைய சொந்த ஹோம் ஃபோல்டரில்தான் இருந்தது. ஆனால் உரிமையாளராக அவர் பேர் இருக்க வேண்டிய இடத்தில் 'காப்பகம்'. கைக்கு வசதியாக இருக்கட்டும் என்று அந்த அட்டவணைக்கு ஒரு சிம்லிங்கை (வேறு இடத்தில் இருக்கும் ஃபைலைக் காட்டும் குறியை) ஸ்கேன் ஃபோல்டருக்குள் வைத்திருந்தார். ஸ்கிரிப்ட் அந்த லிங்கில் உரிமையை மாற்றும் சிஓன் போட, அது லிங்க் காட்டிய இடத்துக்கே போய் உரிமையாளரை மாற்றிவிட்டது. அதே லிங்க் சிஸ்டத்தின் பாஸ்வேர்ட் ஃபைலைக் காட்டியிருந்தால் அதுவும் மாறியிருக்கும், ரூட்டாக ஓடும் ஸ்கிரிப்ட்டைத் தடுக்க யாரும் இல்லை. அன்றைக்குத்தான் ஃபைலின் உரிமையை மாற்றச் சொல்லிக் கெர்னலிடம் (லினக்ஸின் மையப் பகுதியிடம்) கேட்கும் இந்த நாலு சிஸ்டம் கால்களையும் (chown, lchown, fchown, fchownat) பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

நாலுக்கும் பொதுவானதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கெர்னலுக்கு யூசரின் பேர் தெரியாது, யூசர் எண்ணும் குரூப் எண்ணும்தான் தெரியும். எதை மாற்ற வேண்டாமோ அந்த இடத்தில் -1 கொடுத்தால் போதும். லினக்ஸில் சாதாரண யூசர் தன் ஃபைலை இன்னொருவர் பேருக்கு எழுதிக் கொடுக்க முடியாது, அதற்கு ரூட் அதிகாரம் வேண்டும். தான் உறுப்பினராக உள்ள குரூப்புக்கு மட்டும் தன் ஃபைலை மாற்றிக்கொள்ளலாம்.

வித்தியாசம் எல்லாம் 'எந்த ஃபைல்' என்பதை எப்படிச் சொல்கிறோம் என்பதில்தான்.

சிஓனுக்குப் பாதையைக் கொடுக்கிறோம். வழியில் சிம்லிங்க் இருந்தால் அதன் பின்னாலேயே போகும். எல்சிஓன் கடைசியில் இருப்பது சிம்லிங்க் என்றால் அந்த லிங்கின் உரிமையாளரை மட்டும் மாற்றிவிட்டு நின்றுகொள்ளும். (மிகப் பழைய குறிப்புகளில் சிஓன் லிங்கைத் தொடராது என்று இருக்கும். லினக்ஸ் 2.1.81-க்கு முன் அப்படித்தான் இருந்தது.) என் அட்டவணைச் சிக்கலுக்கு எல்சிஓன் போதும் என்றுதான் முதலில் நினைத்தேன். போதாது. பாதையின் கடைசித் துண்டை மட்டும்தான் அது கவனிக்கும். நடுவில் இருக்கும் ஒரு ஃபோல்டரையே யாராவது நகர்த்திவிட்டு அந்த இடத்தில் சிம்லிங்கை வைத்தால், எல்சிஓனும் கேள்வி கேட்காமல் அதன் வழியே போய்விடும்.

இன்னொன்று ஹார்ட்லிங்க். நம் பக்கத்து வீடுகளில் முகப்பு ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கும். எந்த வாசல் வழியாகப் போனாலும் வீடு ஒன்றுதான். ஹார்ட்லிங்கும் அப்படியே: ஒரே ஃபைலுக்கு இரண்டு பெயர், ஒரே ஐநோட் (ஃபைலின் விவரங்கள் இருக்கும் பதிவு). உரிமை ஐநோட்டில் எழுதியிருப்பதால், ஒரு வாசலில் உரிமையாளரை மாற்றினால் மறு வாசலிலும் மாறிவிடும். தொடர்வதற்கு அங்கே லிங்க் என்று தனியாக எதுவும் இல்லை, எனவே எல்சிஓனால் இதில் உதவ முடியாது. அடுத்தவர் ஃபைலுக்கு ஹார்ட்லிங்க் போடுவதைத் தடுக்கும் அமைப்பு லினக்ஸ் 3.6-இல் வந்தது. அது இயங்குகிறதா என்று உங்கள் சர்வரில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

எஃப்சிஓனுக்குப் பாதையே வேண்டாம். ஏற்கெனவே திறந்து வைத்திருக்கும் ஃபைலின் டிஸ்கிரிப்டரை (அதைக் குறிக்க கெர்னல் தரும் எண்ணை) கொடுக்கிறோம். வீட்டுக்குள் போய் நின்றுகொண்டு 'இந்த வீடு' என்று சொல்வதுபோல. வெளியே யாரோ கதவு எண்ணைக் கழற்றி வேறு வீட்டில் மாட்டினாலும் நாம் நிற்கும் வீடு மாறாது. இதன் பெரிய பலம், சோதிப்பதும் மாற்றுவதும் ஒரே ஐநோட்டில் நடப்பது. ஃபைலின் விவரங்களைச் சொல்லும் எஃப்ஸ்டேட் (fstat) போட்டுப் பார்த்து, திருப்தியானால் அதே டிஸ்கிரிப்டரில் எஃப்சிஓன். நடுவில் யாரும் புகுந்து ஆளை மாற்ற முடியாது. பாதையை வைத்துச் சோதித்துவிட்டு அதே பாதையில் சிஓன் போட்டால் அந்த இடைவெளி எப்போதும் இருக்கும். அது மைக்ரோ செகண்டுதானே என்று விட்டுவிடக் கூடாது. தாக்குகிறவர் லட்சம் முறை முயன்று பார்ப்பார், ஒருமுறை பலித்தால் போதும்.

எஃப்சிஓனின் குறை, முதலில் ஃபைலைத் திறக்க வேண்டும். படிக்கும் அனுமதி இல்லாவிட்டால் திறக்காது. எழுதுகிறவர் யாரும் இல்லாத ஃபைஃபோவை (இரண்டு புரோகிராம்களுக்கு இடையில் தகவல் கடத்தும் ஃபைலை) படிக்கச் சும்மா திறந்தால் அங்கேயே தொங்கி நிற்கும். சிம்லிங்கின் உரிமையாளரை மாற்ற இது உதவாது. ஃபைலைப் படிக்காமல் அதன் இடத்தை மட்டும் சுட்டும் ஓ-பாத் (O_PATH) என்ற கொடியோடு, அதாவது கூடுதல் குறிப்போடு, திறந்த டிஸ்கிரிப்டரைக் கொடுத்தால் 'தவறான டிஸ்கிரிப்டர்' என்று பிழை வரும்.

எஃப்சிஓன்அட் லினக்ஸ் 2.6.16-இல் வந்தது. ஒரு ஃபோல்டரைத் திறந்து கையில் வைத்துக்கொண்டு, அதற்குள் இருக்கும் பேரை மட்டும் சொல்லலாம். பேர் ஒரே துண்டாக இருந்தால் நடுப்பாதை என்பதே இல்லை, ஆகவே நடுவில் லிங்க் செருகும் வேலை எடுபடாது. லிங்கைத் தொடராதே என்ற கொடியைச் சேர்த்தால் எல்சிஓன் செய்வதையும் செய்யும். பேரைக் காலியாக விட்டு, கொடுத்த டிஸ்கிரிப்டரையே மாற்றச் சொல்லும் வெற்றுப் பாதைக் கொடி 2.6.39 முதல் உண்டு. அதோடு எஃப்சிஓன் மறுக்கும் அந்த ஓ-பாத் டிஸ்கிரிப்டரைக் கொடுத்தாலும் வேலை நடக்கும். நாலில் இதுதான் எல்லா வேலைக்கும் வளைந்து கொடுப்பது. ஆனால் கொடியை மறந்தால் சிஓன் போலவே லிங்கின் பின்னால் போய்விடும். ஹார்ட்லிங்க் விஷயத்திலும் தனியாகக் காப்பாற்றாது.

என் கணிப்பு இது. ரூட்டைத் தவிர வேறு யாரும் எழுத முடியாத இடமென்றால் சிஓன் தாராளமாகப் போதும், மற்றதெல்லாம் வீண் சிரமம். பல பேர் எழுதும் ஃபோல்டரில் ரூட்டாக ஓடும் எதிலும் வெறும் சிஓனை விடவே கூடாது. ஃபோல்டர் மரம் முழுக்க, லிங்குகளோடு சேர்த்து மாற்ற வேண்டுமென்றால் எஃப்சிஓன்அட். மாற்றுவதற்கு முன் ஃபைலைச் சோதித்தே ஆக வேண்டுமென்றால் எஃப்சிஓன். எல்சிஓனை மட்டும் தனியாகத் தேர்ந்தெடுக்க எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை, எஃப்சிஓன்அட் அதன் வேலையைச் செய்துவிடுகிறது.

எங்கள் ஸ்கிரிப்ட்டில், ஃபோல்டர்களை ஒவ்வொன்றாகச் சுற்றிவரும் ஓஎஸ்-வாக் (os.walk) இருந்த இடத்தில் இப்போது ஓஎஸ்-எஃப்வாக் (os.fwalk). பைத்தான் 3.3 முதல் உள்ள இது ஒவ்வொரு ஃபோல்டரின் டிஸ்கிரிப்டரையும் கையில் கொடுக்கிறது. அதை வைத்து ஒவ்வொரு ஃபைலையும் லிங்கைத் தொடராத கொடியோடும், தொங்கி நிற்காத கொடியோடும் திறக்கிறோம். பிறகு எஃப்ஸ்டேட்: சாதாரண ஃபைல்தானா, லிங்க் எண்ணிக்கை 1 தானா, இப்போதைய உரிமையாளர் எங்கள் நாலு பேரில் ஒருவர்தானா? மூன்றும் சரியென்றால் எஃப்சிஓன். இல்லையென்றால் ஃபைலைத் தொடாமல் பேரை மட்டும் லாகில் எழுதிவிட்டு அடுத்ததற்குப் போகிறது.

மறுநாள் காலை லாகில் இருந்தது ஒரே வரி. அது அட்டவணையின் சிம்லிங்க். அவர் அதை இன்னும் அங்கேதான் வைத்திருக்கிறார். நானும் எடுக்கச் சொல்லவில்லை.