சோல்பிடெம் 10 மி.கி. தூக்க மாத்திரை: இரண்டு வருடம் விழுங்கியவன் சொல்கிறேன்

மாத்திரைக்கெல்லாம் விமர்சனமா என்று கேட்காதீர்கள், இரண்டு வருடம் விடாமல் காசு கொடுத்து வாங்கிய ஒரே பொருள் இதுதான். முதல் வாரம் அற்புதம். மூன்று மாதமாக ராத்திரி முழுக்க மின்விசிறியையே பார்த்துக்கொண்டு கிடந்தவன், போட்ட அரை மணிக்குள் அடித்துப்போட்ட மாதிரி தூங்கினேன். ஆனால் இது சில வாரங்களுக்கான மருந்து, எழுதித் தந்தவர் அதைச் சொல்லவே இல்லை.

ஆறாவது மாதம் ஒரு மாத்திரை போதவில்லை. ஒரு நாள் காலையில் பார்த்தால் அடுப்படியில் பாதி தின்ற தயிர்சாதம், ராத்திரி நானே எழுந்து பிசைந்திருக்கிறேன், துளி ஞாபகம் இல்லை. தூக்கத்தில் நடப்பது, வண்டி ஓட்டுவது போன்ற விபரீதங்களுக்காக 2019இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, மருந்தோடு வரும் குறிப்பில் கட்டம் கட்டிய எச்சரிக்கை போடச் சொன்னதைப் பிறகுதான் படித்தேன்.

இங்கே இந்தியாவில் இது எச்1 பட்டியல் மருந்து, மருத்துவர் சீட்டு இல்லாமல் தரக் கூடாது, கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும். நான் வாங்கிய கடையிலோ ஒரே பழைய சீட்டு ஒன்றரை வருடம் ஓடியது. அந்த வசதிதான் என்னைக் கெடுத்தது.

சட்டென்று நிறுத்திப் பார்த்தேன், இரண்டு ராத்திரி கண்ணே மூடவில்லை, கை நடுங்கியது (அப்படிச் செய்யவே கூடாதாம்). அப்புறம் வேறொரு மருத்துவர் மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார், கூடவே சிபிடி-ஐ என்ற, தூக்கமின்மைக்காகப் பழக்கத்தையும் எண்ணத்தையும் மாற்றும் பயிற்சி: படுக்கையில் இருக்கும் நேரத்தையே ஐந்தரை மணி நேரமாகச் சுருக்குவது, தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவது. முதல் இரண்டு வாரம் நரகம். இப்போது மாத்திரை இல்லாமல் ஆறு மணி நேரம்.

மாத்திரைக்கு ஐந்துக்கு இரண்டு, அந்த முதல் வாரத்துக்காக.