கியூஜிஐஎஸ்ஸில் லேயர் தெரியவில்லையா? அது எங்கே போய் நிற்கிறது என்று முதலில் பாருங்கள்

கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளைப் பல வருடங்களாகப் பயன்படுத்துகிறேன். அதில் ஒவ்வொரு தரவையும் வரைபடத்தின் மேல் ஓர் அடுக்காகப் போடுவோம், அதுதான் லேயர். மழைநீர் வடிகால், ஏரி எல்லை, வார்டு எல்லை என்று பெரும்பாலும் சென்னையைச் சுற்றிய வரைபட வேலைகள். காசு கொடுக்க வேண்டியதில்லை, சுமாரான லேப்டாப்பிலும் ஓடுகிறது, 2018இல் 3.0 வந்ததிலிருந்து வேறு மென்பொருளுக்குப் போக எனக்குத் தோன்றியதே இல்லை. ஆனால் புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் எல்லாரும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "அண்ணா, பக்கத்துல லேயர் பேர் இருக்கு, டிக் இருக்கு, மேப்ல மட்டும் ஒண்ணுமே வரல." இதற்கு ஆளாளுக்கு ஒரு வைத்தியம் செய்கிறார்கள். நிறத்தை மாற்றுகிறார்கள், கோட்டைத் தடிமனாக்குகிறார்கள், கடைசியில் மென்பொருளையே நீக்கிவிட்டு மறுபடி நிறுவுகிறார்கள். ஒன்றும் நடக்காது, ஏனென்றால் பெரும்பாலான நேரம் லேயர் தொலைந்தே போகவில்லை. வேறெங்கோ வரையப்பட்டு நிம்மதியாக இருக்கிறது.

அதனால் முதலில் எண்களைப் பாருங்கள். லேயர் பெயரில் ரைட் கிளிக் செய்து ப்ராபர்ட்டீஸ் போய் இன்ஃபர்மேஷன் பக்கத்தைத் திறந்தால் எக்ஸ்டென்ட் என்று, லேயரின் எல்லைகளைச் சொல்லும் நான்கு எண்கள் இருக்கும். சென்னைக்குத் தீர்க்கரேகை 80.27, அட்சரேகை 13.08, அதே இடம் யூடிஎம் முறையில் (உலகை ஆறு பாகை அகல மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் அளப்பது) 44 வடக்கு மண்டலத்தில் கிழக்காக சுமார் 4,20,000 மீட்டர், வடக்காக சுமார் 14,46,000 மீட்டர். இந்த இரண்டு ஜோடியும் மனதில் இருந்தால் போதும், பாதிப் பிரச்சினையைத் திரையைப் பார்க்காமலே சொல்லிவிடலாம். அடியில் ஓபன்ஸ்ட்ரீட்மேப்பைப் போட்டுக்கொண்டு 'ஜூம் டு லேயர்' கொடுத்துப் பாருங்கள். எங்கே போய் இறங்குகிறது என்பதே பதில்.

ஆர்க்டிக் பக்கம், நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளின் வடகரைக்கு அப்பால் போய் நின்றால், புள்ளிகளை அட்டவணையாகத் தரும் சிஎஸ்வி கோப்பில் எக்ஸ், ஒய் இடம் மாறியிருக்கிறது. நாம் அட்சரேகையை முதலில் சொல்லிப் பழகியவர்கள், போன் தருவதும் அப்படித்தான். மென்பொருளுக்கோ எக்ஸ் என்றால் தீர்க்கரேகை. 13, 80 என்று மாற்றிக் கொடுத்தால் சைதாப்பேட்டை வடதுருவத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடும். மங்களூருக்கு மேற்கே அரபிக் கடலில் நின்றால் மண்டலம் தப்பு. 78 பாகை தீர்க்கரேகை தமிழ்நாட்டை இரண்டாகப் பிரிக்கிறது: கோயம்புத்தூர் 43ஆம் மண்டலம், சென்னை 44. சென்னைத் தரவுக்கு 43 என்று பெயரிட்டால் சரியாக ஆறு பாகை மேற்கே நகர்ந்துவிடும். நிலநடுக்கோட்டின் மேல், இந்தியப் பெருங்கடலில், ஒரு புள்ளியாக மொத்த நகரமும் சுருங்கிக் கிடந்தால், பாகையில் இருக்கும் தரவை யூடிஎம் மீட்டர் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நேர்மாறாக, லட்சக்கணக்கில் எண்கள் இருந்தும் 4326 (பாகையில் அளக்கும் முறையின் எண்) என்று பதிவாகியிருந்தால் உலகத்துக்கு வெளியே போய்விடும், ஜூம் செய்தாலும் வெள்ளைத் திரைதான்.

இங்கேதான் எல்லாரும் சறுக்குகிற இடம் வருகிறது, கொஞ்சம் நின்று படியுங்கள். சிஆர்எஸ் என்றால் எண்கள் எந்த அளவுமுறையில் உள்ளன என்பது. 'செட் லேயர் சிஆர்எஸ்' தரவை மாற்றாது. கோப்பில் உள்ள எண்கள் அப்படியே இருக்கும், அவை எந்த அளவுமுறையில் உள்ளன என்ற பெயர்ச்சீட்டு மட்டும்தான் மாறும். எண்களையே மாற்ற வேண்டுமென்றால் 'ரீப்ரொஜெக்ட் லேயர்' அல்லது 'எக்ஸ்போர்ட்' செய்து புதுக் கோப்பாகச் சேமிக்க வேண்டும். சீட்டு தப்பாகவோ இல்லாமலோ இருந்தால் முதலாவது, சீட்டு சரியாக இருந்து வேறு முறைக்கு மாற்ற வேண்டுமென்றால் இரண்டாவது. ஏற்கெனவே சரியாக இருக்கிற லேயருக்கு, ப்ராஜெக்டோடு ஒத்துப்போகட்டுமே என்று செட் லேயர் சிஆர்எஸ்ஸில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பதுதான் நல்ல லேயரைக் காணாமல் போகச் செய்யும் வழி. ப்ராஜெக்டின் சிஆர்எஸ் வேறாக இருந்தாலும் கவலை இல்லை, மென்பொருள் வரையும்போதே மாற்றிக்கொள்ளும். அதற்கு லேயரின் சீட்டு உண்மையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சீட்டு ஏன் காணாமல் போகிறது? வரைபடத் தரவை வைக்கும் ஷேப் ஃபைல் என்பது ஒரே கோப்பு என்று நினைத்து எஸ்ஹெச்பியை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். கூடவே எஸ்ஹெச்எக்ஸ், டிபிஎஃப், பிஆர்ஜே வர வேண்டும். பிஆர்ஜே இல்லையென்றால் லேயர் பெயருக்குப் பக்கத்தில் கேள்விக்குறி வரும், அதைக் கண்டுகொள்ளாமல் விடாதீர்கள். மொத்தமாக ஜிப் செய்து அனுப்பச் சொல்லுங்கள், முடிந்தால் ஜியோபேக்கேஜாகவே கேளுங்கள். எல்லாம் ஒரே கோப்பில் இருக்கும்.

லேயர் தெரிகிறது, ஆனால் தெரு ஓரிரு நூறு மீட்டர் தள்ளி விழுகிறது என்றால் அது வேறு கதை. பழைய சர்வே ஆஃப் இந்தியா டோபோஷீட்கள் (நிலவரைபடத் தாள்கள்), சென்னைக்கு 66 சி/4, 66 சி/8 போன்றவை, பூமியின் வடிவத்துக்கான எவரெஸ்ட் நீள்கோளம் என்ற பழைய கணக்கை அடிப்படையாகக் கொண்டவை. அவற்றை ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84 என்று எடுத்துக்கொண்டால் அப்படித்தான் தள்ளி விழும். 1802இல் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி வில்லியம் லாம்டன் நம் பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு அளந்து தொடங்கிய பெரும் அளவைப் பணியில் கிடைத்த அளவுகளை வைத்துக் கணக்கிட்டதுதான் அந்த நீள்கோளம். அந்தத் தாள்களைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு மரியாதைதான் வருகிறது.

சரி, எண்கள் எல்லாம் ஒழுங்காக இருந்தும் தெரியவில்லை என்றால்? லேயர் பெயர் சாம்பல் நிறமாக மங்கியிருக்கிறதா பாருங்கள். மங்கியிருந்தால் குறிப்பிட்ட ஸ்கேலில் மட்டும் காட்டு என்று யாரோ வைத்திருக்கிறார்கள். பெயருக்குப் பக்கத்தில் புனல் இருந்தால் பழைய ஃபில்டர் இன்னும் ஓடுகிறது. ஆச்சரியக்குறி என்றால் கோப்பு இருந்த இடத்தில் இல்லை, ஃபோல்டரை நகர்த்தியிருப்பார்கள். கீழே ஸ்டேட்டஸ் பாரில் 'ரெண்டர்' டிக் எடுபட்டிருந்தால் எதுவுமே புதிதாக வரையாது. வகைவாரியாக நிறம் கொடுத்த லேயர்களில் இன்னொன்று உண்டு: 'ஆல் அதர் வேல்யூஸ்' என்ற வரியை நீக்கிவிட்டால், பட்டியலில் இல்லாத மதிப்புள்ள எதையும் அது வரையவே வரையாது. வடிகால் வகையை எழுதும்போது கடைசியில் ஒரு இடைவெளி சேர்ந்துவிட்டால் போதும், அந்த வடிகால் வரைபடத்தில் இருக்காது. வெள்ளத் தடுப்பு வேலைக்கான வரைபடத்தில் இது சின்ன விஷயமே இல்லை. அதனால் அந்த வரியை நான் நீக்குவதே இல்லை, கண்ணைப் பறிக்கிற சிவப்பில் வைத்துவிடுவேன்.

ராஸ்டரில் (படம்போல் சின்னக் கட்டங்களாக உள்ள தரவு) கறுப்பாகவோ ஒரே வெள்ளையாகவோ வந்தால் பெரும்பாலும் குறைந்தபட்ச, அதிகபட்ச மதிப்புதான் காரணம். உயரத் தரவில் வெற்றிடத்துக்குப் போட்ட -9999ஐ உண்மையான உயரமாக எடுத்துக்கொண்டால், சில மீட்டர் ஏற்ற இறக்கம் மட்டுமே உள்ள நம் ஊர் முழுக்க ஒரே நிறமாகிவிடும். டிரான்ஸ்பரன்சி பக்கத்தில் அந்த எண்ணை நோ டேட்டா என்று சொல்லிவிட்டு, சிம்பாலஜியில் 2 முதல் 98 சதவீத கட் (இரு முனையிலும் உள்ள அதீத மதிப்புகளை ஒதுக்குவது) கொடுங்கள், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் தாழ்வு கண்ணுக்குத் தெரியும்.

இத்தனைக்கும் இந்த மென்பொருள் கேள்விக்குறி, புனல், மங்கிய எழுத்து என்று குறிப்பு கொடுத்துக்கொண்டேதான் இருக்கிறது. குறிப்புகள் ரொம்பச் சின்னவை, புதிதாக வருகிறவர் கண்ணில் படுவதில்லை. என் மனக்குறை அது மட்டும்தான். இத்தனையும் பார்த்தும் வரவில்லை, யாரிடமாவது உதவி கேட்கப் போகிறீர்கள் என்றால் வெள்ளைத் திரையின் ஸ்க்ரீன்ஷாட்டை மட்டும் அனுப்பாதீர்கள். எக்ஸ்டென்ட் எண்கள் நான்கு, லேயர் சிஆர்எஸ், ப்ராஜெக்ட் சிஆர்எஸ், ஃபீச்சர் (லேயரில் உள்ள உருவங்கள்) எண்ணிக்கை, அப்புறம் லாக் மெசேஜஸ் பேனலில் சிவப்பாக ஏதாவது இருந்தால் அதுவும்.