பறவைக்கூடு: அசலையும் போலியையும் ஒரே தண்ணீரில் போட்டால்

உழவாரக் குருவியின் எச்சில் காய்ந்து இறுகியதுதான் உண்ணும் பறவைக்கூடு. இந்தோனேசியா, மலேசியா, தாய்லாந்து, வியட்நாம் பக்கம் குகைச் சுவர்களிலிருந்தும், குருவிக்கென்றே கட்டிய கட்டடங்களிலிருந்தும் எடுக்கிறார்கள். பெரும்பகுதி சீனர்களின் சூப்புக்குப் போகிறது. விலை எக்கச்சக்கம், அதனால் போலிக்கும் பஞ்சமில்லை.

போலியில் இரண்டு ரகம் உண்டு. ஒன்றில் கூடே இருக்காது: வெள்ளைக் காளான், அகர் அகர், ஜெலட்டின், பன்றித் தோல் இப்படி ஏதாவது. இன்னொன்று அசல் கூடுதான், ஆனால் மேலே கராயா பிசினைப் பூசி எடை ஏற்றியிருப்பார்கள். (அந்தப் பிசின் மரம் நம் இந்தியக் காடுகளில் வளர்வது.) முதல் ரகத்தில் ஏமாறுவது கொஞ்சம் கஷ்டம். இரண்டாவதில்தான் பழகியவர்களும் சறுக்குகிறார்கள்.

முதலில் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அசல் கூடு அரைக் கிண்ணம் போல இருக்கும். இழைகள் தாறுமாறாகப் பின்னியிருக்கும், நடுவே சின்னச் சின்ன இடைவெளி தெரியும், நிறம் லேசான மஞ்சள் கலந்த வெள்ளை. பிசின் பூசியதில் அந்த இடைவெளிகள் அடைபட்டு, வார்னிஷ் அடித்தது போல மினுங்கும். பால் போல வெளுத்திருந்தால் ப்ளீச் செய்திருக்கலாம். ஓரிரு பொடி இறகு ஒட்டியிருந்தால் நான் முகம் சுளிக்க மாட்டேன். சுத்தம் செய்தவர் கண்ணுக்குத் தப்பியது அது. ஆனால் அதையே அத்தாட்சியாக எடுத்துக்கொள்ளவும் வேண்டாம், இறகை ஒட்டி வைக்க எவ்வளவு நேரம் ஆகும்?

அப்புறம் தண்ணீர். என்னைக் கேட்டால் வீட்டில் செய்வதற்கு இதைவிட நல்ல சோதனை இல்லை. இரண்டு கிண்ணத்தில் ஒவ்வொரு துண்டைப் போட்டுச் சில மணி நேரம் விடுங்கள். அசல் துண்டு ஊதிப் பெருத்து இழை இழையாகப் பிரியும். ஓர் இழையை இழுத்தால் கொஞ்சம் நீண்டு கொடுக்கும், விரலில் பிசுபிசுக்காது, தண்ணீரும் பெரிதாகக் கலங்காது. பிசின் ஏறியது கொழகொழவென்று ஜெல்லியாகிவிடும், தேய்த்தால் வழுக்கும். ஜெலட்டினோ வெந்நீரில் கரைந்தே போகும். அசலை வேகவைத்தால் முட்டையின் வெள்ளைக்கரு வாசனை லேசாக வரும்.

நெருப்பில் காட்டும் சோதனையைப் பலரும் சொல்கிறார்கள். அசல் கூட்டில் புரதம் அதிகம், முடி கருகிய வாடை வரும், சரி. ஆனால் பன்றித் தோலும் ஜெலட்டினும் புரதம்தானே, அவையும் அப்படித்தான் நாறும். பிசினையும் அகரையும் வேண்டுமானால் பிரிக்கலாம். மற்றதற்கு உதவாது.

சிவப்புக் கூடு தனிக் கதை. குருவி ரத்தம் கக்கிக் கட்டியது என்பார்கள், கட்டுக்கதை. எச்சத்திலிருந்து எழும் ஆவி பட்டே கூடு சிவக்கிறது. அந்த வழியில் நைட்ரைட்டும் சேரும், அளவு மீறினால் உடம்புக்கு ஆகாத உப்பு அது. 2011இல் மலேசியச் சிவப்புக் கூடுகளில் அது அளவுமீறி இருந்ததைக் கண்டு சீனா இறக்குமதியை நிறுத்தியது. பிறகு கிலோவுக்கு 30 மில்லிகிராம் என்று வரம்பு வைத்தது. வெள்ளையைச் சாயமேற்றியும் விற்கிறார்கள். வெள்ளையா சிவப்பா என்று கேட்டால், என் கை வெள்ளைப் பக்கம்தான் போகும்.

ஐயம் தீராவிட்டால் ஆய்வகம்தான். குருவியின் எச்சிலில் உள்ள சயாலிக் அமிலம் என்ற பொருள் அசலில் சுமார் 10 சதவீதம் இருக்கும், பிசின் கலந்தால் அந்த அளவு இறங்கிவிடும். டி.என்.ஏ. சோதனையும் உண்டு.

பாட்டிலில் வரும் பறவைக்கூடு பானத்தைக் கண்ணால் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. கெட்டியாக இருப்பதற்குக் காரணம் சேர்த்த பசையாகவும் இருக்கலாம், லேபிளில் கூட்டின் சதவீதத்தைத் தேடுங்கள்.