சேலத்தில் சப் புரோக்கரை நம்பி டீமேட் கணக்கு வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

சேலம் ஐந்து ரோடு பக்கம் உள்ள ஒரு சப் புரோக்கர் (பெரிய பங்குத் தரகு கம்பெனியின் உள்ளூர் ஏஜென்ட்) ஆபீஸில் என் மாமனாருக்கு நடந்ததை எழுதுகிறேன். விசாரணை நடப்பதால் பெயரைப் போடவில்லை.

மாமா உருக்காலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எஸ்பிஐ, ஐடிசி பங்குகள் என்று கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிச் சேர்த்து வைத்திருந்தார். விற்கிற பழக்கமே கிடையாது, டிவிடெண்ட் வந்தால் போதும். நான் மொபைலில் தினமும் சந்தை பார்த்து வாங்கி விற்கிற ஆள். அவருடைய டீமேட் கணக்கு (பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் கணக்கு) மட்டும் அந்த ஆபீஸ் வழியாகவே இருந்தது.

அவருக்கு வருமான வரிக் கணக்கு போட உட்கார்ந்தபோது வருமான வரித் தளத்தில் நம் வரவு, விற்பனை விவரங்களைக் காட்டும் ஏஐஎஸ் அறிக்கையைத் திறந்தேன். பங்கு விற்பனை என்ற தலைப்பில் வரிசையாக வருகிறது.

"மாமா, ஐடிசி வித்தீங்களா?"

"நான் எதுக்குங்க மாப்பிள்ளை விக்கப் போறேன்?"

விற்ற பணமும் பேங்குக்கு வரவில்லை. ஆபீஸில் போய்ச் சத்தம் போட்ட பிறகுதான் கான்ட்ராக்ட் நோட்டுகளை (அன்றன்றைக்கு வாங்கி விற்றதற்கான ரசீது) பிரிண்ட் எடுத்துக் கொடுத்தார்கள். பக்கம் பக்கமாக நிஃப்டி ஆப்ஷன், அதாவது நிஃப்டி என்ற பங்குச் சந்தைக் குறியீடு ஏறுமா இறங்குமா என்பதை வைத்துச் செய்யும் ரிஸ்க்கான டிரேடிங். காலையில் வாங்கி மதியம் விற்று, மறுபடி வாங்கி மறுபடி விற்று, ஒவ்வொன்றுக்கும் புரோக்கரேஜ். லாபமோ நஷ்டமோ, அவர்களுக்குக் கமிஷன் வந்துகொண்டே இருந்திருக்கிறது. மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "நிஃப்டின்னு ஒரு கம்பெனி இருக்குதுங்களா?" என்றார். இவர்தான் ஆர்டர் கொடுத்தாராம்!

(2021-22 முதல் 2023-24 வரை எஃப் அண்ட் ஓ-வில் (ஆப்ஷனும் இதில்தான் சேரும்) இறங்கிய தனிநபர்களில் 93% பேருக்கு நஷ்டம் என்று பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியே சொல்லியிருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் கதையே அப்படி.)

இத்தனை நாள் எப்படித் தெரியாமல் போனது? டிரேடு நடந்தால் பங்குச் சந்தை எக்ஸ்சேஞ்ச் எஸ்எம்எஸ் அனுப்புகிறது, 24 மணி நேரத்துக்குள் கான்ட்ராக்ட் நோட்டும் வந்தாக வேண்டும். எல்லாம் ஒழுங்காகத்தான் போயிருக்கிறது, ஆனால் ஆபீஸ் ஆள் ஒருவரின் நம்பருக்கும் அவர்களே உருவாக்கிய மெயிலுக்கும். கணக்குத் தொடங்கும்போது "ஐயாவுக்கு மெயில் இல்லாட்டிப் பரவால்லைங்க, நாங்களே போட்டுக்கறோம்" என்றார்களாம். கணக்கு வைத்திருப்பவர் அல்லது அவர் குடும்பத்தாரின் நம்பரும் மெயிலும்தான் இருக்க வேண்டும் என்பது விதி.

அப்போதே, கணக்கிலிருந்து பங்குகளை அவர்களே எடுக்க அனுமதிக்கும் பவர் ஆஃப் அட்டர்னியிலும் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். அதனால் விற்கும்போது டிபின் (விற்பனையை நாமே உறுதி செய்யும் ரகசிய எண்), ஓடிபி எதுவும் தேவைப்படவில்லை. 2022-லிருந்து புதுக் கணக்குகளுக்கு அதற்குப் பதில் டிடிபிஐ (குறிப்பிட்ட சில வேலைகளுக்கு மட்டுமான அனுமதிக் கடிதம்) வந்துவிட்டது. பழைய கணக்குகளில் இன்னும் அது இருக்கலாம். இரண்டுமே கட்டாயமில்லை, வேண்டாம் என்று எழுதிக் கொடுத்து ரத்து செய்யலாம். அது கையில் இருந்தாலும், எதை விற்பது என்று முடிவெடுக்க புரோக்கருக்கு அதிகாரம் கிடையாது.

"போன்ல சொன்னாருங்க" என்றார் ஆபீஸ் ஆள். சரி, ரெக்கார்டிங்கைக் கொடுங்கள் என்றேன். உடனே பேச்சு மாறியது: "நேர்ல வந்து சொன்னாருங்க." கண் ஆபரேஷன் முடிந்து கட்டோடு படுத்திருந்த நாளிலும் டிரேடு நடந்திருக்கிறது, அன்றைக்கும் நேரில் வந்தாராமா? வாடிக்கையாளர் ஆர்டர் கொடுத்ததற்கான ஆதாரத்தை புரோக்கர் வைத்திருக்க வேண்டும் என்று 2018-லேயே செபி சொல்லிவிட்டது. போன் பதிவு, மெயில், கையெழுத்துப் போட்ட சீட்டு, ஏதாவது ஒன்று. இவர்களிடம் ஒன்றும் இல்லை. இதே நிலையில் இருப்பவர்கள் முதலில் இதை எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சில் கேட்டால் காற்றோடு போய்விடும்.

தரகு கம்பெனியின் மெயின் ஆபீஸுக்கு எழுதியதும் புரோக்கரேஜை மட்டும் திருப்பித் தருகிறோம், புகாரை வாபஸ் வாங்குங்கள் என்றார்கள். மறுத்துவிட்டோம். செபியின் ஸ்கோர்ஸ் என்ற புகார் தளத்தில் புகார் போட்டால் 21 நாளுக்குள் பதில் தர வேண்டும். வந்த பதில் ஒப்புக்குச் சப்பாணி. அதனால் ஸ்மார்ட் ஓடிஆர் என்ற ஆன்லைன் தகராறு தீர்வுத் தளத்துக்குப் போனோம். அங்கே சமரசம் கூடிவரவில்லை, இப்போது ஆர்பிட்ரேஷனில் (நடுவர் தீர்ப்பு) நிற்கிறது.

இதே ஏரியாவில் யாரிடமாவது கணக்கு இருந்தால் இன்றைக்கே ஏஐஎஸ்-ஐத் திறந்து பாருங்கள். எந்த நம்பர், எந்த மெயில் பதிவாகியிருக்கிறது என்று ஆபீஸ் ஆளிடம் கேட்காமல் டீமேட் கணக்குகளை மேலே நிர்வகிக்கும் சிடிஎஸ்எல் அல்லது என்எஸ்டிஎல்லிடமே கேளுங்கள். ஏதாவது தப்பாகப் பட்டால் தள்ளிப் போடாதீர்கள், நடந்த நாளிலிருந்து ஒரு வருடம் தாண்டினால் ஸ்கோர்ஸில் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.