கிரவல் குழிக்குக் கன்று வாங்குவோருக்கு: ஏ9 (கண்டி–யாழ்ப்பாணம்) வீதியோர நாற்றுமேடை ஒன்று

பாலை, வீரை, முதிரை, நாவல், வேம்பு, இப்பில்-இப்பில். இங்கே விற்பவை இவைதான். கிரவல் (சரளைமண்) அள்ளி முடித்த காணியைத் திரும்பக் காடாக்க இதில் பாதியை வாங்கவே தேவையில்லை.

அருகில் காடு இருந்தால் கொழுஞ்சி, ஆவாரை, எருக்கலை எல்லாம் மாரியோடு தாமாக முளைக்கும். கொழுஞ்சியின் வேர்முடிச்சு மண்ணில் நைதரசனைச் சேர்க்கும். அதைப் பற்றையென்று செருக்கி எறிவது வீண்வேலை. வேம்பு குருவி எச்சத்தில் வந்துவிடும். முதிரை விதைக்குச் சிறகுண்டு, தாய்மரம் கிட்ட நின்றால் காற்றே கொண்டுவரும். பாலையும் வீரையும்தான் இலேசில் வராது. பாலைப்பழம் தின்று விதை பரப்பும் கரடிக்கு நிழலில்லாத குழியில் என்ன அலுவல்? காசு கொடுப்பதென்றால் இந்த இரண்டுக்கும் கொடுங்கள்.

பாலைக் கன்றுகள் திறம். தண்டு தடிப்பு, வெயிலில் வைத்துப் பழக்கியவை. வீரையில்தான் கவனம்: பழைய கன்றுகளைச் சின்னப் பையிலேயே விட்டிருக்கிறார்கள். பையின் அடியைத் தடவிப் பாருங்கள், வேர் வளையமாகச் சுருண்டு தட்டுப்படும். அப்படியானது மாரி முழுக்கப் பச்சையாக நிற்கும். பக்கவேர் ஓடாததால் ஆடி, ஆவணியில் கருகும். சில பைகளில் பார்த்தீனியமும் முளைத்திருக்கிறது. 1999இல் வவுனியாவில் அடையாளம் காணப்பட்ட அதே களைதான். பூக்குமுன் கையுறை போட்டுப் பிடுங்காவிட்டால் வெறுந்தரை முழுக்க அதுதான் நிற்கும்.

இப்பில்-இப்பிலை "கெதியா வளரும்" என்று தலையில் கட்டப் பார்ப்பார்கள். வளரும்தான். நெற்று வெடித்துக் கொட்டியபின் வேறொன்றையும் எழும்ப விடாது.

நட்டும் தருகிறார்கள், அந்தச் சேவை வேண்டாம். இரண்டடிக் குழி வெட்டிக் கூட்டெரு நிரப்பி நடுகிறார்கள். டிப்பர் ஓடி இறுகிய தரையில் அந்தக் குழி தொட்டியாகிவிடும். கார்த்திகையில் நீர் தேங்கி வேர் அழுகும். அலவாங்கால் தரையை ஓரடி ஆழத்துக்கு உடையுங்கள். ஓரத்தில் குவித்துக் கிடக்கும் பழைய மேல்மண்ணை அதன்மேல் அரையடி மேடாகப் போட்டு, மேட்டில் நடுங்கள். அந்த மண்ணிலேயே காட்டு விதையும் கிடக்கும். ஐப்பசியில் மழை இரண்டு தரம் நன்றாக இறங்கிய பிறகு நட்டால் போதும். கட்டாக்காலி மாடுகளுக்கு விடத்தல் முள்ளை வெட்டிச் சுற்றி அடையுங்கள்.

லாண்ட்மாஸ்டரில் (இருசில்லு உழவு இயந்திரத்தில்) கொண்டுவந்தும் தருவார்கள். மூடாமல் ஏற்றினால் காற்றில் இலை வாடிவிடும், ஈரச்சாக்கு போர்த்தச் சொல்லுங்கள்.