தலையில் நெட் (மெல்லிய வலைத்துணி) போட்ட மணப்பெண் படத்துக்குப் பேக்ரவுண்ட் மாற்றக் கொடுக்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்

அக்கா மகளுக்கு நாகர்கோவிலில் கல்யாணம். சர்ச்சிலிருந்து வெளியே வந்ததும் பக்கத்துக் கட்டடத்துச் சுவரோரம் நிறுத்தி எடுத்த படங்களில்தான் பிள்ளையின் முகம் அழகாக விழுந்திருந்தது. சுவரோ கிளிப்பச்சை. "முட்டம் கடற்கரையை வெச்சுத் தாரேன், ஒரு கிளிக் வேலை" என்றார் தெரிந்தவர் மூலம் வந்த எடிட்டர். படத்துக்கு 500 ரூபாய், 6 படம். 3000 ரூபாயையும் முன்கூட்டியே அனுப்பினேன். வாட்ஸ்அப்பில் வந்ததை செல்போனிலேயே பார்த்துவிட்டு 'சூப்பர்' என்று பதிலும் போட்டேன். அந்தச் 'சூப்பர்'தான் பிறகு என் வாயை அடைத்தது.

ஆல்பத்துக்கு 12-க்கு 36 அளவில் பிரிண்ட் வந்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. பின்னால் பாறையும் அலையும். தலையிலிருந்து இறங்கும் நெட்டுக்குள் மட்டும் இன்னும் பச்சைச் சுவர். வலது முழங்கைப் பக்கம் உற்றுப் பார்த்தால் சுவரில் இருந்த சுவிட்ச் பெட்டியே தெரிகிறது. கடலுக்கு நடுவில் கரண்ட் கனெக்‌ஷன்!

திருத்தித் தரச் சொன்னேன். நெட் இருந்த இடம் முழுவதையும் ஒரேயடியாக மங்கலாக்கி அனுப்பினார். பச்சை குறைந்தது, சரி. ஆனால் நெட்டுக்குப் பின்னால் இருந்த கையும் சேர்ந்து மங்கி, முழங்கை மேல் அலை அடித்தது. ஒவ்வொரு பகுதியும் தனித்தனி அடுக்காக (லேயர்) இருக்கும் போட்டோஷாப்பின் பிஎஸ்டி ஃபைல் கேட்டேன். சேமிக்கவில்லையாம், ஜேபெக் மட்டும்தானாம். ஜேபெக்கில் ஒளி ஊடுருவும் தன்மை நிற்காது. எல்லாம் ஒரே படமாக ஒட்டிப்போயிருக்கும், அதை வைத்து வேறு யாரும் திருத்தவும் முடியாது. பணத்தைக் கேட்டதும், "நீங்கதானே ஓகே சொன்னீங்க" என்றார். அப்புறம் போனையே எடுக்கவில்லை.

கடைசியில் கலர் லேபில் வேலை பார்க்கும் நண்பரின் மகளிடம் ஒரிஜினல் படங்களைக் கொண்டுபோனேன். "மாமா, நெட்டுல ஒவ்வொரு புள்ளியும் பாதி நெட்டு, பாதி சுவரு. வெட்டினா மட்டும் போதாது, அதுல கலந்திருக்க பச்சையையும் எடுக்கணும்" என்றாள். செய்தும் காட்டினாள். படத்தில் சிவப்பு, பச்சை, நீலம் என்று தனித்தனியாகப் பதிவாகும் மூன்று சேனல்களில் நீலச் சேனலை மட்டும் திறந்தபோது சுவர் இருண்டுபோனது, வெள்ளை நெட் தனியாகப் பளிச்சென்று நின்றது. அதை வைத்து மாஸ்க் போட்டாள். மாஸ்க்கில் கறுப்பு மறைக்கும், வெள்ளை காட்டும், இடையில் இருக்கும் சாம்பல்தான் நெட்டின் உயிர். கறுப்பு 0, வெள்ளை 255, இடையில் அத்தனை படி. நெட் மடிந்த இடத்தில் கூடுதல், ஒற்றை அடுக்கில் குறைவு. கைக்கு மேல் விழுந்த நெட்டை அவள் தொடவே இல்லை, அங்கே பின்னால் தெரிவது கைதானே. பளீர் வானத்தில் வெள்ளை நெட் காணாமல் போய்விடும் என்று சாயங்காலக் கடலைப் பின்னால் வைத்தாள். ஒரு படத்துக்கே இரண்டு மணி நேரம் ஆனது.

கொடுப்பதற்கு முன் ஒரே ஒரு படத்தைச் செய்யச் சொல்லி, பின்னால் கறுப்பையும் சிவப்பையும் மாறி மாறி வைத்து, கம்ப்யூட்டரில் முழு அளவில் பாருங்கள். மிச்சமிருக்கும் பழைய நிறம் அங்கேயே பல்லைக் காட்டும். வாட்ஸ்அப்பில் போட்டோவாக வாங்காமல் டாக்குமென்ட்டாக வாங்குங்கள். சாம்பிள் என்று அந்த எடிட்டர் எனக்குக் காட்டியதெல்லாம் சட்டை போட்ட ஆண்களும் பைக்கும்தான். நெட், கண்ணாடி, புகை என்று ஒன்றுகூட இல்லை. எனக்கு அப்போது உறைக்கவில்லை.

நேற்று அவருடைய ஸ்டேட்டஸ்: 'எந்தப் படமானாலும் 5 நிமிடத்தில் பேக்ரவுண்ட் மாற்றித் தரப்படும். முழுப் பணமும் முன்கூட்டியே.'